எதுக்கும் ஒண்ணு கையில இருக்கட்டும்

மனிதர்களில் கஞ்சர் உண்டு, ஊதாரி உண்டு, ஊர் வம்பை விலைக்கு வாங்குபவர் உண்டு. இவர்களைப் பற்றியெல்லாம் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டார்கள். ஆனால் யாருமே சரியாகக் கண்டுகொள்ளாத ஓர் இனம் நம் நடுவிலேயே சௌக்கியமாக உலாவிக்கொண்டிருக்கிறது. அதற்கு இன்று ஒரு பெயர் வைத்துவிடுவோம். எதுக்கும்காரர்.

எதுக்கும்காரரை அடையாளம் காண்பது சுலபம். அவர் வீட்டுக்குப் போங்கள். கண்ணில் படுகிற முதல் உருப்படாத சாமானைக் கையில் எடுங்கள். அது பூட்டு தொலைந்துபோன சாவியாக இருக்கலாம், மூடி இல்லாத டப்பாவாகவோ டப்பா இல்லாத மூடியாகவோ இருக்கலாம், உலகத்தில் எந்தப் போனுக்கும் பொருந்தாத சார்ஜர் வயராக, செத்துப்போன மிக்ஸியின் கியாரண்டி அட்டையாக, போன வருஷமே காலாவதியான கண் மருந்தாக, மற்ற கம்பியெல்லாம் உடைந்த பிறகும் உடையாமல் மிஞ்சிய ஒற்றைக் குடைக்கம்பியாக இருக்கலாம். "இது எதுக்கு?" என்று கேளுங்கள். பதில் ஒன்றுதான். "எதுக்கும் இருக்கட்டும்."

அவரைக் கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சர் திருடன் வந்து தூக்கிப் போகக்கூடிய பொருளைப் பூட்டி வைப்பார். எதுக்கும்காரர் திருடன் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போகக்கூடிய பொருளைப் பூட்டி வைப்பார். சரி, என்றைக்காவது அந்தப் பொருளுக்கு வேளை வருகிறதே, அன்றைக்காவது எடுத்துப் பயன்படுத்துவாரா? எங்கே! அன்றைக்குப் பார்த்து அது கிடைக்காது. கடைக்குப் போய்ப் புதுசு வாங்கி வருவார். புதுசு வந்த அட்டைப்பெட்டியை மடித்துப் பரண் மேல் போடுவார். எதுக்கும்.

இந்த இனத்தில் ஒருவரைப் பிடித்து நிறுத்தி முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினால்தான் உங்களுக்கு விளங்கும். நமக்கு வாய்த்தவர் ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக்.

தொழிலில் கெட்டிக்காரர். அதில் சந்தேகமே வேண்டாம். கதவைத் திறந்து மோட்டார் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். ஆனால் அவர் கடைக்குள் நேராக நடந்து போன மனிதர் கிடையாது. எல்லோரும் பக்கவாட்டில்தான் நுழைவார்கள். இந்தப் பக்கம் செத்த கம்ப்ரஸர்கள், அந்தப் பக்கம் உடம்பைப் பிரிந்த கதவுகள், நடுவில் ஐஸ் தட்டுகள், மேலே தொங்கும் செம்புக் குழாய்கள், இவற்றுக்கு நடுவே கிடைத்த இடத்தில் ஒரு ஸ்டூல், அதன் மேல் மெக்கானிக். வீட்டிலும் இந்த நிலைமை வராமல் தடுத்தவர் அவருடைய மனைவி.

அந்த அம்மாள் ஒரு ரொட்டிக்கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறார். மிஞ்சிய ரொட்டி மறுநாள் கடையில் இருக்கக் கூடாது என்பது அவர் தொழிலின் முதல் பாடம். அந்தப் பாடத்தை வீட்டிலும் நடத்தினார். ஓட்டை பக்கெட்டை அவர் குப்பைத் தொட்டியில் போடுவார், மெக்கானிக் வேலைக்குப் போகிற வழியில் தொட்டியிலிருந்து எடுத்துக் கடைக்குக் கொண்டுபோவார், அந்த அம்மாள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து குடும்பம் இப்படி ஒற்றுமையாகத்தான் நடந்தது.

எல்லாம் அந்த வயிற்றுப்போக்கு வருகிறவரை.

என்னத்தைத் தின்றாரோ, யாருக்குத் தெரியும். 'கெட்டுப்போகலை, லேசா வாடைதான்' என்று எதையோ தின்றிருக்கிறார். வீசிவிட மனசு வந்திருக்காது. வாந்தியும் பேதியுமாகப் பிழிந்து எடுத்துவிட்டது. ஒரு வாடிக்கையாளர் வீட்டில், திறந்து வைத்த ஃபிரிட்ஜின் முன்னாலேயே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தபோது உடம்பில் தண்ணீரே இல்லை, நாக்கு தோல் செருப்பு மாதிரி கிடந்தது. ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்றார்கள். ஏற்ற நரம்பு வேண்டுமே! சிஸ்டர் வலது கையில் தட்டிப் பார்த்தார், குத்திப் பார்த்தார், கிடைக்கவில்லை. மறுபடி குத்தினார், நரம்பு நழுவிவிட்டது. கடைசியில் இடது முன்கையில், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, ஒன்று அகப்பட்டது.

"கிடைச்சிடுச்சு!" என்றார் சிஸ்டர். அந்த ஒரு சொல் மெக்கானிக்கின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

பாட்டில் இறங்க இறங்க அவருக்கு உயிர் ஏறியது. உயிர் ஏறியதும் புத்தி தொழிலுக்குப் போனது. கையில் ஒட்டியிருப்பதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"சிஸ்டர், ஊசி உள்ளேயேதான் இருக்கா?"

"ஊசியை அப்பவே எடுத்தாச்சு ஐயா. உள்ள இருக்கிறது மெத்துனு ஒரு பிளாஸ்டிக் குழாய். கேனுலானு சொல்லுவோம். வெளிய மூடி. மருந்து போடணும்னா மூடியைத் திறந்து போட்டுட்டு மூடிடுவோம். மறுபடி மறுபடி குத்த வேண்டாம் பாருங்க."

மெக்கானிக்கின் முகம் மலர்ந்த மலர்ச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆஹா, இது நம்ம பின் வால்வு! ஃபிரிட்ஜின் கேஸ் குழாயில் சின்னதாக ஒரு வால்வு வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். அடுத்த தடவை கேஸ் குறைந்தால் குழாயை அறுக்க வேண்டாம், அந்த வால்வு வழியாகவே ஏற்றிவிடலாம். அதற்குத்தான் பின் வால்வு என்று பெயர். நம்மவர் தன் கைக்கு வந்த ஒரு ஃபிரிட்ஜையும் பின் வால்வு வைக்காமல் திருப்பி அனுப்பியதில்லை, கேஸே குறையாமல் கதவு ரப்பர் மாற்ற வந்த ஃபிரிட்ஜ் உட்பட. இப்போது பாருங்கள், அவருக்கே ஒன்று வைத்துவிட்டார்கள். இனி தன் உடம்பும் நல்லபடியாக சர்வீஸ் செய்யக்கூடிய உடம்பு என்று அவருக்கு ஒரு நிம்மதி.

வாந்தி நின்றது. பேதி நின்றது. ரொட்டியும் சூப்பும் உள்ளே போய் உள்ளேயே தங்கின. ட்ரிப்ஸைக் கழற்றிவிட்டு மாத்திரைக்கு மாற்றினார்கள். அடுத்த நாள் காலையில் சிஸ்டர் பஞ்சும் பிளாஸ்திரியுமாக வந்து நின்றார்.

"கையை நீட்டுங்க ஐயா, கேனுலாவை எடுத்துடலாம்."

மெக்கானிக் கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும் சிஸ்டர்."

"எதுக்கு?"

அதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று நான் எழுத வேண்டுமா?

"வேலை இல்லாத குழாயை உள்ள விடக்கூடாது ஐயா. அது வெளியிலேர்ந்து நேரா ரத்தத்துக்குப் போற வழி. நரம்பு வீங்கும், கிருமி ஏறும்."

"நல்லாத்தானே இருக்கு சிஸ்டர்? நீங்க அன்னைக்கு எவ்வளவு கஷ்டப்பட்டு நரம்பைக் கண்டுபிடிச்சீங்க. கிடைச்சதை யாராவது விடுவாங்களா? திடீர்னு ராத்திரி வாந்தி வந்தா?"

"வந்தா மறுபடி போட்டுக்கலாம்."

"மறுபடியும் குத்துவீங்களே!"

இதற்குள் டாக்டர் வார்டுக்குள் நுழைந்தார். சின்ன வயசு, பெரிய அவசரம். பின்னால் இன்னும் ஒரு வரிசைக் கட்டில்கள் காத்திருந்தன. சிஸ்டர் விஷயத்தைச் சொன்னார். டாக்டர் மெக்கானிக்கின் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், கையைப் பார்க்கவில்லை.

"சரி சிஸ்டர்," என்றார் அடுத்த கட்டிலை நோக்கி நகர்ந்தபடியே, "எதுக்கும் இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும்."

பார்த்தீர்களா? எதுக்கும்காரர்கள் ஓட்டை பக்கெட் வைத்திருக்கிறவர்கள் மட்டும்தான் என்று நினைத்தீர்களே! இந்த இனம் வெள்ளைக் கோட்டும் போடும். மெக்கானிக் தலையணையில் சாய்ந்து சிஸ்டரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, குழாயில் கொஞ்சம் உப்புத் தண்ணீரைச் செலுத்திப் பார்த்துவிட்டு, வலித்தாலோ சிவந்தாலோ உடனே சொல்ல வேண்டும் என்று விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனார். சொல்வதாக மெக்கானிக் தலையாட்டினார்.

அன்று சாயங்காலமே சிவந்தது. வலித்தது. சொன்னாரா? எப்படிச் சொல்வார்! சொன்னால் எடுத்துவிடுவார்களே! கையைத் துண்டுக்குள் ஒளித்தார். ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரம் வியர்வையில் தூக்கிக்கொண்டது. அதற்கு அவர் செய்த வைத்தியத்தைக் கேளுங்கள். தன் வேலைப்பையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்தார், வயர் ஜாயின்டுக்குச் சுற்றுகிற அதே டேப்பை, பல்லால் கடித்து அறுத்து, மேலே இரண்டு சுற்றுச் சுற்றினார். கரண்ட் அடிக்காது என்பது நிச்சயம்.

பக்கத்துக் கட்டிலில் காலில் கட்டோடு ஒரு லாரி டிரைவர் படுத்திருந்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"அண்ணே, கை செவந்திருக்கு. சிஸ்டர்கிட்ட சொல்லுங்க."

"டேப்பு இறுக்கம்பா. வேற ஒண்ணுமில்லை."

"டேப்பு சுத்துறதுக்கு முன்னாடியே செவந்திருந்துச்சேண்ணே."

"நீ உன் காலைப் பாரு."

டிரைவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாளே டிஸ்சார்ஜ். இங்கேதான் நம்மவர் தன் இனத்துக்கே பெருமை தேடித்தந்தார். நம் சிஸ்டருக்கு அன்று விடுமுறை என்று அவருக்குத் தெரியும். வந்தவர் வேறு சிஸ்டர், அன்றைக்குத்தான் முகம் பார்க்கிறார். அவர் வருவதற்கு முன்பே மெக்கானிக் எழுந்து, தட்டிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து, வலது கையில், குழாயே இல்லாத கையில், பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டார். இடது கையை முழுக்கைச் சட்டைக்குள் விட்டுப் பொத்தானையும் போட்டுக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். குழாய் சின்னதுதானே!

"ஊசி எடுத்தாச்சா ஐயா?"

"காலையிலேயே எடுத்துட்டாங்க சிஸ்டர். இதோ."

பஞ்சைக் காட்டினார். அந்தப் பெண்ணுக்கு ஒரே நேரத்தில் நாலு பேர் டிஸ்சார்ஜ். சட்டையை மடக்கிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பஞ்சை நம்பிவிட்டார். மெக்கானிக் பின் வால்வோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

நீங்கள் கேட்கலாம், இந்த மனுஷனுக்குப் பைத்தியமா என்று. பைத்தியம் இல்லை. அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. இந்த மாதிரி வயிற்றுப்போக்கு திரும்பவும் வந்தாலும் வரும் என்று யாரோ சொன்னார்கள். வந்தால், நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், சட்டையை மடக்கி, 'இந்தாங்க சிஸ்டர், லைன் ரெடி' என்று நீட்ட வேண்டும். அந்த சிஸ்டர் முகம் போகிற போக்கை அவர் கற்பனை செய்து செய்து ரசித்தார். எத்தனை ஃபிரிட்ஜ்களுக்கு வைத்திருக்கிறார்! வால்வு வைத்து எந்த ஃபிரிட்ஜுக்காவது காய்ச்சல் வந்திருக்கிறதா?

வீட்டில் அந்த அம்மாள் கவனிக்காமல் இல்லை. கொளுத்துகிற வெயிலில் முழுக்கைச் சட்டை. குளி என்றால் நாளைக்கு. எப்போதும் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கிற ஆள் இப்போது மல்லாந்து, ஒரு கையை வயிற்றின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

"ஏங்க, சட்டையைக் கழட்டுங்களேன். துவைக்கணும்."

"குளிருது."

"எனக்கு வியர்த்துக் கொட்டுது, உங்களுக்குக் குளிருதா?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த உடம்புல்ல, அப்படித்தான் இருக்கும்."

கடையில், கம்ப்ரஸர்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு டேப்பைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். கை தடித்திருந்தது. தொட்டால் சுட்டது. குழாயின் மேலே, தோலுக்கடியில், முழங்கையை நோக்கி ஒரு கயிறு ஓடுகிற மாதிரி கெட்டியாக இருந்தது. உபயோகம் இல்லாத லைன் அடைத்துக்கொள்ளும் என்பது மெக்கானிக்குக்குத் தெரியாதா என்ன? சிஸ்டர் அன்று செய்த மாதிரி தண்ணீர் அடித்து அடைப்பை எடுத்துவிடலாமா என்று யோசித்தார். வீடு முழுக்க சிரிஞ்சைத் தேடினார். எப்போதோ எதுக்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்த ஒரு சிரிஞ்ச் எங்கோ இருந்தது. அவர் வைத்த பொருள் தேவைக்குக் கிடைத்ததாகச் சரித்திரமே இல்லையே, அன்றும் கிடைக்கவில்லை. அடித்திருந்தால் அடைப்பும் கிருமியும் மொத்தமாக ரத்தத்துக்குள் போயிருக்கும். அந்த ஒழுங்கின்மைதான் அன்றைக்கு அவர் உயிரைக் காப்பாற்றியது. கடவுள் எந்த ரூபத்திலும் வருவார்.

அடுத்த நாள் மத்தியானம் கடையில் ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தபோது ஸ்க்ரூடிரைவர் ஆடியது. ஸ்க்ரூடிரைவர் ஆடவில்லை, கை ஆடுகிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. பிறகு பல் தந்தியடித்தது. உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டது. எப்படியோ வீடு வந்து கட்டிலில் விழுந்தார். அந்த அம்மாள் வேலையிலிருந்து ஓடி வந்து பார்த்தபோது இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார், நெற்றி அனலாய்க் கொதித்தது, பேச்சு ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. ஈரத்துணி போடலாம் என்று அந்த அம்மாள் அவர் சட்டைக் கையை மேலே தள்ளினார்.

கறுப்பு டேப். அதன் ஓரத்தில் மஞ்சளாகச் சீழ். அங்கிருந்து முழங்கை வரை சிவப்பு.

"என்னங்க இது?"

மெக்கானிக் வாயைத் திறந்தார். "எதுக்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

எப்போதும் ஊரைக் கூட்டுகிற அந்த அம்மாள் அன்று கத்தவில்லை. "அடப்பாவி மனுஷா," என்றார் மெதுவாக. "பக்கெட்டை வச்சீங்க, பொறுத்தேன். கதவை வச்சீங்க, பொறுத்தேன். இதை ஏங்க உடம்புக்குள்ள வச்சீங்க? உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருகிட்டங்க போய்ச் சண்டை போடுவேன்?" என்றவர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே வண்டிக்குப் போன் செய்தார்.

ஆஸ்பத்திரியில் முதலில் வந்தது நம் பழைய சிஸ்டர். கையைப் பார்த்தார். முகம் மாறியது. அந்த நடுக்கத்திலும், அந்த ஜுரத்திலும், பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்த அந்த நிலையிலும், மெக்கானிக் கையை முன்னால் நீட்டினார். ஆமாம், பெருமையாகத்தான்.

"லைன்... ரெடி சிஸ்டர். அதுலயே போடுங்க. நான்தான்... தேவைப்படும்னு சொன்னேன்ல?"

"ஐயா," என்றார் சிஸ்டர், டேப்பை வெட்டிக்கொண்டே, "இது அடைச்சுப் போய் நாளாச்சு. இதுல சொட்டு மருந்து போகாது. உங்களுக்கு இப்ப வந்திருக்கிற காய்ச்சலே இதாலதான்."

குழாயை உருவினார். பின்னாலேயே சீழ் வந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டவர், அது குத்துவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

இனி வலது கை. பழையபடி தட்டினார்கள், தேய்த்தார்கள், குத்தினார்கள். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது, நரம்பெல்லாம் ஒட்டிப்போய்க் கிடந்தது. முன்கையில் கிடைக்கவில்லை, மணிக்கட்டில் கிடைக்கவில்லை, புறங்கையில் கிடைத்து வீங்கிப்போனது. அந்த அம்மாள் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே போங்க என்றார்கள், போகவில்லை. கடைசியில் மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட்டு, அவர் எங்கோ மேல்கையில் ஆழத்தில் ஒன்றைக் கண்டுபிடித்து, மருந்து இறங்க ஆரம்பித்தது.

இளம் டாக்டர் வெளியே வந்து அந்த அம்மாளிடம் பேசினார். இந்தத் தடவை அவருக்கு அவசரம் இல்லை.

"கிருமி ரத்தத்துல கலந்திருக்கும்மா. மருந்து போயிட்டிருக்கு. இப்போதைக்கு உயிருக்குப் போராடிட்டிருக்கார். கையைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

"அன்னைக்கே எடுத்திருந்தா டாக்டர்?"

டாக்டர் தரையைப் பார்த்தார். இருக்கட்டும் என்று சொன்ன வாய் யாருடையது என்று அவருக்கு ஞாபகம் இருந்தது.

நல்லவேளை, மருந்து கேட்டது. காய்ச்சல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரு நாள் ஏறவே இல்லை. கையைக் கீறிச் சீழை எடுத்தார்கள், கை தப்பியது. விரல்கள் மடங்கி நீண்டன, ஸ்க்ரூடிரைவர் பிடிக்கும் என்றார்கள். மெக்கானிக் இளைத்து, தாடியோடு, வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தார். சிஸ்டர் எந்தப் பக்கம் போனாலும் கேட்காமலே கையைக் காட்டினார். "இங்க லேசா செவந்த மாதிரி இருக்கு சிஸ்டர்." "அது மச்சம் ஐயா." "எதுக்... சரி சிஸ்டர், நீங்க ஒரு தடவை பார்த்துடுங்க." திருந்திவிட்டார். நம்புங்கள், இப்படியும் சில நேரம் நடக்கும்.

ஊசி மருந்து முடிந்தது. மாத்திரைக்கு மாற்றினார்கள். சிஸ்டர் பஞ்சும் பிளாஸ்திரியுமாக வந்து நின்றார்.

மெக்கானிக் சட்டைக் கையைத் தானே மேலே ஏற்றிவிட்டார். "எடுத்துடுங்க சிஸ்டர். இப்பவே. ஒரு நிமிஷம் கூட வேண்டாம்."

சிஸ்டர் குனிந்தார். அப்போது குறுக்கே ஒரு கை வந்தது.

"சிஸ்டர்..." என்றார் அந்த அம்மாள். "கோவிச்சுக்காதீங்க. எதுக்கும் இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டுமே."

சிஸ்டர் நிமிர்ந்தார். மெக்கானிக் தன் காதையே நம்ப முடியாமல் மனைவியைப் பார்த்தார். ஒரு ஓட்டை டப்பாவை ஒரு ராத்திரி வீட்டில் தங்க விடாத பெண்!

"ஏய், உனக்கு என்ன ஆச்சு?"

"உங்களுக்குத் தெரியாதுங்க. நீங்க கண்ணை மூடிட்டுக் கிடந்தீங்க. நரம்பு கிடைக்காம அவங்க குத்திக்கிட்டே இருந்தாங்க. நான் பாத்துட்டு நின்னேன். மறுபடி காய்ச்சல் வந்து, மறுபடி கிடைக்காமப் போச்சுன்னா? சிஸ்டர், உங்க கால்ல வேணும்னாலும் விழறேன். இவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைச்சதை எடுத்துடாதீங்க."

சிஸ்டர் அந்த அம்மாளின் கையை நகர்த்தவில்லை. நகர்த்தியது மெக்கானிக். கட்டுப் போட்ட தன் இடது கையால் மனைவியின் கையைப் பிடித்து, தன் மடி மேல் வைத்து, விடாமல் பிடித்துக்கொண்டார்.

"எடுங்க சிஸ்டர்," என்றார். "இவ இப்படித்தான். பயந்துட்டா."

சிஸ்டர் எடுத்தார். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. பஞ்சை அந்த அம்மாளே வாங்கி அமுக்கினார். ரத்தம் நின்ற பிறகும், சிஸ்டர் போதும் என்று சொல்லிவிட்டுப் போன பிறகும், அமுக்கிக்கொண்டே இருந்தார்.

ஆக, எதுக்கும்காரர் யாரென்று இப்போது தெரிந்துவிட்டது. அந்தக் கறுப்பு டேப்பைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள், நானும் உங்களோடு சேர்ந்துதான் சிரித்தேன். நல்லது. இப்போது கொஞ்சம் அந்தப் பக்கம் வந்து நில்லுங்கள். கட்டிலில் கிடப்பது உங்கள் வீட்டு ஆள். போன உயிர் நேற்றுத்தான் திரும்பி வந்திருக்கிறது. சிஸ்டர் பஞ்சை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். "எடுத்துடலாமா?" என்று உங்களைத்தான் கேட்கிறார். என்ன சொல்வீர்கள்?

'கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்' என்கிறீர்களா?

போச்சு. நீங்கள் யோசித்து முடிக்கிறவரை அது உள்ளேதான் இருக்கும்.